ஐயாயிரம் ரூபாய் கட்டிய ஊர்

1990களின் பின்பாதியில் ஆலந்தூர் நகராட்சி தன் மக்களிடம் ஒரு விநோதமான வேண்டுகோளோடு வந்து நின்றது. இன்னும் ஒரு கடப்பாரைகூடப் படாத பாதாளச் சாக்கடைக்கு, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். கடை, நிறுவனம் என்றால் 10,000. அன்றைக்கு 5,000 ரூபாய் இருந்தால் ஒன்றரைப் பவுன் வாங்கலாம். அந்தப் பணத்தை, தன் தெருவுக்குக் குழாய் எந்த வருஷம் வரும் என்பதே தெரியாமல், ஒரு நகராட்சியை நம்பிக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வரிசையில் நின்று கட்டின. பல கோடி ரூபாய் சேர்ந்தது. 2000-ல் வேலை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கழிவுநீர் குழாயில் ஓடவும் செய்தது. நகராட்சி நிர்வாகம் படிப்பவர்கள் இன்றைக்கும் ஆலந்தூரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஆலந்தூரிலேயே குடியிருக்கும் இளைஞர்களைக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அந்த நகராட்சியே இப்போது இல்லை.

புறநகர் உள்ளாட்சி என்றாலே குப்பை, கொசு, குண்டும் குழியுமான சாலை என்று எழுதிப் பழகிவிட்டோம். அவை உண்மைதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அன்றைக்கு ஒன்றரைப் பவுனை நம்பிக் கொடுத்த அதே வகை மக்கள், இன்று வார்டு கூட்டத்துக்குக்கூட ஏன் வருவதில்லை?

தொட்டியும் தெருவும்

ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல். பரங்கிமலைக்கும் விமான நிலையத்துக்கும் பக்கத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் இந்த ஊர்கள்தான் அன்றைய ஆலந்தூர் நகராட்சி. 2001 கணக்கெடுப்பில் 1,46,154 பேர். கிண்டிக்கு அந்தப் பக்கம் மாநகராட்சி, மெட்ரோ வாட்டர், பாதாளச் சாக்கடை. இந்தப் பக்கம் செப்டிக் டேங்க்.

வீட்டுக்குப் பின்னால் கிணறு, முன்னால் செப்டிக் டேங்க். மனை அரை கிரவுண்டு என்றால் இரண்டுக்கும் நடுவே எத்தனை அடி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். உறிஞ்சியதை லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்று யாரும் கேட்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியும் தெருவும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

1996-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது நகர்மன்றத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலந்தூரில் வென்றவர் ஆர்.எஸ். பாரதி; பிற்பாடு தி.மு.க.வின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். பாதாளச் சாக்கடைக்கு மதிப்பீடு போட்டபோது ஏறத்தாழ 34 கோடி ரூபாய் வந்தது. அந்த அளவு நகராட்சிக்கு அது கனவிலும் கைக்கெட்டாத தொகை. அதே ஆண்டு தொடங்கியிருந்த தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உதவ முன்வந்தது. உலக வங்கியின் ஆதரவு பெற்ற நிதியம் அது. எனவே அதன் முதல் கேள்வி, போட்ட பணம் திரும்பி வருமா என்பதுதான். மக்களுக்கு விருப்பம் இருக்கிறதா, கட்டச் சக்தி இருக்கிறதா என்று மாதிரிக் கணக்கெடுப்பு எடுத்தார்கள். இருக்கிறது என்று பதில் வந்தது.

விருப்பம் இருப்பது வேறு, ரசீது வாங்குவது வேறு. இங்கேதான் ஆலந்தூர் சுவாரசியமாகிறது. நகராட்சி குடியிருப்போர் நலச்சங்கங்களைத் தேடிப் போனது. தெருத்தெருவாகக் கூட்டம் போட்டார்கள், ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள். வசூலான பணம் நகராட்சியின் பொதுக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. நகராட்சிப் பொதுக் கணக்கில் விழுந்த பணம் சம்பள பாக்கிக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். ‘உங்கள் ஐயாயிரம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது’ என்று காட்ட முடிந்ததே பாதி வெற்றி என்று நினைக்கிறேன்.

மாதக் கட்டணத்தையும் முன்கூட்டியே பேசினார்கள். வீடுகளுக்கு 150 ரூபாய்க்கு மேல் போகாது என்று வரம்பு வைத்தார்கள். பெருங்குடியில் நாளொன்றுக்கு 1.2 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்தைத் தனியார் நிறுவனங்கள் தங்கள் செலவில் கட்டி, 14 ஆண்டுகள் நடத்தி, சுத்திகரித்த நீரின் அளவுக்கேற்ப நகராட்சியிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, பிறகு ஒப்படைத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்திய நகராட்சிகளில் இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு இது முன்னோடி. 2001-ல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. திட்டம் நிற்கவில்லை. மக்கள் பணம் போட்ட திட்டத்தைக் கிடப்பில் போடுவது எந்தக் கட்சிக்கும் அத்தனை சுலபமல்ல.

இதில் கதாநாயகத் துதி பாட எனக்கு விருப்பமில்லை. ஆலந்தூருக்குச் சில வசதிகள் இருந்தன. நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், வங்கி ஊழியர்கள் என்று பென்ஷனும் பொழுதும் உள்ளவர்கள் நிறையப் பேர். நலச்சங்கக் கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதத் தெரிந்தவர்கள். பின்னால் மாநில அரசும் நிதியமும் நின்றன. குடிசைப் பகுதிகளில் 5,000 என்பது வேறு எடையுள்ள தொகை; அங்கே இணைப்புகள் மெதுவாகத்தான் வந்தன. பணம் கட்டியவனுக்குத்தான் குரல் என்றால், கட்ட முடியாதவனின் கதி என்ன என்ற கேள்வி அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று நடந்தது. மக்கள் பணத்தைக் கொடுத்ததோடு, அது எதற்கு, எவ்வளவு, எப்போது என்று கேட்கும் இடத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். பதில் சொல்ல வேண்டிய ஆள் நடந்து போகும் தூரத்தில் இருந்தார். அடுத்த தேர்தலில் அவர் அவர்களிடம்தான் ஓட்டுக் கேட்டு வரவேண்டும்.

எண்பத்தொன்று எழுபதானது

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆகப் பெருத்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் அதற்குள் கரைந்தன. ஆலந்தூரும் அதில் ஒன்று. இப்போது அது 12-வது மண்டலம். நகராட்சியாக இருந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட கவுன்சிலர்கள் இருந்த ஊர். இன்று முகலிவாக்கம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், மீனம்பாக்கம் எல்லாம் சேர்ந்த அந்த மண்டலம் முழுவதற்குமே 156 முதல் 167 வரை 12 வார்டுகள்தான். மக்கள் கைக்காசு போட்டுக் கட்டிய பாதாளச் சாக்கடையை இப்போது மெட்ரோ வாட்டர் பார்த்துக்கொள்கிறது. அது மாநில அரசின் வாரியம், தேர்தலில் நிற்காது.

சென்னை முழுவதற்கும் 200 கவுன்சிலர்கள். 2011 மக்கள்தொகைப்படியே ஒரு கவுன்சிலருக்கு 33,000 பேர் வருகிறது. ஒரு காலத்து ஆலந்தூர் கவுன்சிலருக்குச் சுமார் 3,500 பேர். 3,500 பேரில் பாதிப் பேரை முகம் பார்த்துப் பெயர் சொல்லிவிடலாம். 33,000 பேரை வாக்குச்சாவடி முகவர்கள் மூலமாகத்தான் அறிய முடியும்.

பத்தாண்டு கழித்து அதே கதை தெற்கே இன்னும் கொஞ்சம் தள்ளி நடந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 70 வார்டுகள். பழைய தாம்பரம் நகராட்சிக்கு 39 வார்டு, பல்லாவரத்துக்கு 42. இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டுமே 81 கவுன்சிலர்கள் இருந்தார்கள். பத்து ஊர் சேர்ந்த பிறகு மொத்தமே 70. ‘தரம் உயர்வு’ என்று அரசாணையில் இதற்குப் பெயர்.

சேர்த்ததில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேரும். ஒரு ஊர் வடிகால் கட்டினால் அடுத்த ஊர் மூழ்கும். 2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது எந்த எல்லைக்கோடும் குறுக்கே நிற்கவில்லை. தண்ணீரைப் பொறுத்தவரை பெரிய அமைப்பு வேண்டும்தான். ஆனால் தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடியாது என்பதற்காகத்தான் அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம் 3 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் கட்டாயம் என்றது. அந்தத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது.

யாரும் இல்லாத ஐந்தாண்டு

நடுவே ஒரு முழு ஆட்சிக்காலமே காணாமல் போனதை நாம் அநேகமாக மறந்துவிட்டோம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரமே இருக்கும்போது உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு, புதிய மாவட்டங்கள், கொரோனா. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். அதுவரை தனி அலுவலர்கள்தான் மன்றம், தலைவர், தீர்மானம் எல்லாம். மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்குமேல் இல்லை என்கிறது சாசனம். மன்றமே இல்லாமல் ஐந்தாண்டுக்கு மேல் ஓட்டிக் காட்டினோம்.

தனி அலுவலர் காலத்தில் சாலை போடப்பட்டது, குப்பை அள்ளப்பட்டது. சில இடங்களில் முன்பைவிட ஒழுங்காகவே நடந்தது என்பவர்களும் உண்டு. நானும் மறுக்கவில்லை. போனது வேறு. கவுன்சிலர் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று ‘ரெண்டு நாளா தண்ணி வரலை’ என்று சத்தம் போடும் பழக்கம் போனது. அது நாகரிகமான பழக்கம் அல்ல. ஆனால் அதுதான் இந்த ஊர்களின் மக்களாட்சி. ஐந்தாண்டு விட்டுப்போன பழக்கம் தேர்தல் முடிந்ததும் திரும்பி வந்துவிடாது. அந்த இடத்தை வாட்ஸ்அப் குழு பிடித்துக்கொண்டது. அங்கே திட்டலாம், பதில் சொல்ல ஆள் கிடையாது.

கிராமப்புறத்தில் இதே கதை இப்போது மறுபடி ஓடுகிறது. 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் இல்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள்.

2022-ல் வந்த மன்றங்களுக்கு முதல் அடி வெகு சீக்கிரம் விழுந்தது. மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள், 4-ல் மேயர்கள். ஏப்ரல் பிறக்கும்போது சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. சென்னைக்கு வெளியே, 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். முடிவு கோட்டையில் எடுத்தது. பழியைச் சுமக்க மன்றங்கள் தீர்மானம் போட்டன. உயர்வில் காரணம் இல்லாமல் இல்லை. சென்னைக்கு வெளியே 2008-க்குப் பிறகு வரி மாற்றி அமைக்கப்படவில்லை. வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை வைத்திருந்தது. ஆனால் ஆலந்தூர் நினைவுக்கு வருகிறது. அங்கே இதைவிடப் பெரிய தொகையைக் கேட்டார்கள். கேட்ட முறை வேறு. வரியைச் சொல்வதற்கு முன்னால் வேலையைச் சொன்னார்கள். இங்கே வேலை என்ன என்று யாரும் சொல்லவில்லை; செல்போனுக்கு மெசேஜ் வந்தது.

பம்மலில் ஒரு நாள்

2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அன்று தமிழக நகரங்களில் முதன்முதலாக ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்தன. முதல்வர் மு.க. ஸ்டாலின் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் தாம்பரம் மாநகராட்சியின் பம்மல். மக்கள் நடுவே உட்கார்ந்து குறை கேட்டார். மைக் பிடித்தவர்கள் குடிநீர், வடிகால் என்று பேசினார்கள், அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள்.

பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்தார். மனிதர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் புழங்கும் வட்டாரம். ஊர்க்கூட்டத்துக்குச் சட்டப்படி ஒரு பாய் விரிக்க 2022 ஆகியிருக்கிறது.

கிராமத்தில் ஒருவர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும், அவர் கிராம சபை உறுப்பினர். அரசியல் சாசனமே அவருக்குக் கொடுத்த இருக்கை அது. குடியரசு தினம், தொழிலாளர் தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இப்போது உலகத் தண்ணீர் தினமும் உள்ளாட்சி நாளும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு முறை. ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். பல ஊர்களில் அது சடங்காக நடக்கிறது என்பது வேறு விஷயம். மதுக்கடைக்கு எதிராகவோ மணல் குவாரிக்கு எதிராகவோ ஒரு ஊர் திரண்டால் தீர்மானம் போட அதற்கு இடம் இருக்கிறது. ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்த்த மறுநாள் அந்த இடம் இல்லை. ஊரக வேலைத் திட்டமும் போகிறது, வரியும் ஏறுகிறது. சேர்க்காதே என்று புறநகர் ஊராட்சி மக்கள் கறுப்புக்கொடி பிடிப்பதைப் பார்த்து, வளர்ச்சி வேண்டாம் என்கிறார்களே என்று நகரத்தில் சிரிக்கிறோம். இழப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிகிறது.

நகரத்து ஏரியா சபையின் ஏற்பாடு இப்படி. ஒவ்வொரு வார்டையும் பல ஏரியாக்களாகப் பிரிப்பார்கள். அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரும் அந்தச் சபையின் உறுப்பினர்கள். ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி. இந்தப் பிரதிநிதிகள் சேர்ந்து வார்டு குழு, கவுன்சிலர் தலைவர். காகிதத்தில் பழுதில்லை. ஆனால் அந்தப் பிரதிநிதியை ஏரியா மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. நியமனம் என்றால் அந்தப் பெயரைச் சொல்லப்போவது கவுன்சிலர், கவுன்சிலர் கேட்கப்போவது வட்டச் செயலாளரிடம். கேள்வி கேட்க வேண்டியவரை, கேட்கப்பட வேண்டியவரே பொறுக்கி எடுக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை, சபைக்குக் கையில் காசில்லை. இந்தத் தெருவுக்கு முதலில் வடிகாலா, விளக்கா என்று தீர்மானித்துச் செலவழிக்க ஒரு ரூபாய்கூட அதற்கென்று ஒதுக்கப்படவில்லை. பரிந்துரைக்கலாம். பரிந்துரை என்பது நம் அலுவலகங்களில் மனுவுக்கு இன்னொரு பெயர். ஆலந்தூரில் பணம் திட்டத்தைத் தொடங்கும் முன்பே மக்களின் கண்ணெதிரே இருந்தது. எனவே பேச்சுக்கு அர்த்தம் இருந்தது. அதே 1996-ல் கேரளம் மக்கள் திட்டம் என்று தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. காசு வந்த பிறகுதான் அங்கே கூட்டத்துக்கு ஆள் வந்தார்கள். நம்மிடமும் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். 90களின் இறுதியில் தொடங்கி, 2021-ல் நகரங்களுக்கு மறுபடி உயிர் கொடுக்கப்பட்டது. ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிகிற தெருவுக்கே அது உதவும்.

கவுன்சிலரின் பக்கமும் பார்க்க வேண்டும். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் என்று ஒன்று வந்ததே 2023-ல்தான்: 10,000 ரூபாய். மேயருக்கு 30,000. ஜெயிக்கச் செலவழித்ததை இந்தக் கணக்கில் ஐந்து வருஷத்தில் எடுக்க முடியாது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். மிச்சத்தை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு. தாம்பரத்தின் முதல் மேயர் வசந்தகுமாரி கமலக்கண்ணன் பதவியேற்றபோது அவருக்கு வயது 25, பட்டியலினத்தைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி. இது சாதாரண மாற்றமல்ல. அதே சமயம் பல வார்டுகளில் கவுன்சிலர் எண் என்று கொடுக்கப்படும் போனை எடுப்பவர் அவருடைய கணவர்.

‘அது எங்களது இல்ல சார்’

புறநகரில் ஒரு புகாரோடு கிளம்புகிறவர் முதலில் கற்றுக்கொள்வது துறைகளின் எல்லை. ஜி.எஸ்.டி. சாலை என்றால், “அது ஹைவேஸ் சார்.” ஏரி என்றால், “பி.டபிள்யூ.டி. ஏரி சார், நாங்க கைவைக்க முடியாது.” கட்டட விதிமீறல் பெரியதென்றால் சி.எம்.டி.ஏ., மரக்கிளை கம்பியில் உரசினால் மின்வாரியம். மாநகராட்சிக்கு மிஞ்சுவது உள்சாலை, விளக்கு, குப்பை, வடிகால், பூங்கா. அதிலும் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம். மேயர் தலைமை தாங்குகிறார்; கோப்பு ஆணையர் மேசையில் நகர்கிறது.

இந்தச் சந்துபொந்துகளில் புகுந்து வெளியே வந்தவர்களும் உண்டு. சிட்லபாக்கம் ஏரி அப்படித்தான் திரும்பி வந்தது. குப்பை மேடும் கழிவுநீரும் ஆக்கிரமிப்புமாகச் சுருங்கிக் கிடந்த ஏரி. அந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கித் தாங்களே தூர் எடுத்தார்கள். மனு, தகவல் உரிமை, நீதிமன்றம் என்று ஆண்டுக்கணக்கில் விடவில்லை. தண்ணீர்ப் பஞ்சம் தலைப்புச் செய்தியான 2019-ல் ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. தனி அலுவலர் காலத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட இல்லாத ஊரில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிறிய வெற்றிகளுக்கான வழி இன்னும் எளியது. சாலை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தார் மேலேயே புதுத் தார் ஊற்றி ஊற்றிச் சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் போவது புறநகரின் நிரந்தர நோய். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். மில்லிங் மிஷின் வராமல் தார் லாரி மட்டும் தெருவுக்குள் நுழைந்தால், அந்த உத்தரவின் நகலைக் காட்டி வேலையை நிறுத்தச் சொல்லலாம். மதிப்பீடு, பணி ஆணை, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். எம்-புக்கில் எழுதிய கனமும் சாலையில் இருக்கும் கனமும் ஒன்றா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். ஒப்பந்ததாரருக்கு பில் பாஸாவதற்கு முன்னால் இதைக் கேட்பதில்தான் சூட்சுமம். பாஸான பிறகு கேட்டால் அது வரலாற்று ஆராய்ச்சி.

இதையெல்லாம் செய்கிறவர்கள் பெரும்பாலும் குடியிருப்போர் நலச்சங்கத்துக்காரர்கள். அவர்கள் இல்லாவிட்டால் புறநகர் இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சங்கங்களுக்கு ஒரு கண் கொஞ்சம் மங்கல். ஏரி ஆக்கிரமிப்பு என்றால் கரையில் தகரம் போட்டுக் குடியிருப்பவர்கள் உடனே தெரிகிறார்கள். ஏரிப் புறம்போக்கில் நிற்கும் அரசுக் கட்டடமும் பட்டா வாங்கிய மனைப்பிரிவும் தெரிவதில்லை. அந்தத் தகர வீட்டிலிருந்து கிளம்பி வருகிறவர்தான் அதே சங்கத்தின் தெருவைக் காலையில் கூட்டுகிறார். கூட்டத்தில் அவருக்கு நாற்காலி இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இல்லை. பல சங்கங்களில் உறுப்பினர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர். குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் தெருவுக்குத் தெரு மாடி மேல் மாடியாக எழும்பியிருக்கும் வீடுகளில் எத்தனையோ குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. சொத்து வரியையும் தண்ணீர் வரியையும் வீட்டுக்காரர் வாடகையில் ஏற்றி அவர்களிடம்தான் வாங்குகிறார். சாக்கடை பொங்கினால் தரைத்தள வாடகைக்காரர் வீட்டுக்குள்தான் முதலில் வருகிறது.

ஏரியா சபையின் மிக நல்ல அம்சம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே சொந்த வீடு கேட்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். தெரு கூட்டுபவரும் மாடி வீட்டு வாடகைக்காரரும் சங்கச் செயலாளரும் சட்டப்படி சம உறுப்பினர்கள். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்க வேண்டியவை: ஏரியா பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்க விதியைத் திருத்துவீர்களா, வார்டில் செலவாகும் பணத்தில் ஒரு பங்கையாவது சபை தீர்மானிக்க விடுவீர்களா? தேர்தல் குறித்த காலத்தில் நடக்குமா என்பதையும் சேர்த்தே கேட்கலாம்.

ஆனால் வாடகைக்காரரின் ஒப்பந்தம் பதினொரு மாதம். அது முடிந்தால் பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர், அங்கிருந்து ஊரப்பாக்கம் என்று நகர்ந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வொரு முறையும் கேஸ் இணைப்பை மாற்றுகிறார், பிள்ளையின் பள்ளியை மாற்றுகிறார். வாக்காளர் அட்டை மட்டும் இன்னும் விழுப்புரத்திலோ திருநெல்வேலியிலோ அப்பா வீட்டு முகவரியில் இருக்கிறது. தேர்தலன்று அவர் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துப் போய் அங்கே ஓட்டுப் போடுகிறார்.